இலைக்கூடையில் தகரம்

நம்மவர்கள் கடல் கடந்து வந்த இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம், காஜா பேராங் வட்டாரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கடை நடத்தினோம். அப்போது எங்கள் கடையில் குப்பை என்று ஒன்று மிஞ்சியதே கிடையாது. பெருமையடிக்கிறேன் என்று நினைப்பீர்கள், உண்மை அதுதான். பின்தெருவில் ஒற்றை மாடு வைத்திருந்த அக்கா காலையில் பால் ஊற்றுவார். மதியம் எச்சில் இலையையும் காய்த்தோலையும் மாட்டுக்குக் கூடையில் அள்ளிப் போவார். அந்த மாட்டுச் சாணம் பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு கீரைத் தோட்டத்துக்குப் போகும். அங்கிருந்து கீரை சைக்கிளில் எங்கள் கடைக்கே வரும்.

எனக்குத்தான் புத்தி கெட்டது. நாடே புதுசாகும்போது நம் கடை மட்டும் ஏன் பழைய மாதிரி இருக்க வேண்டும் என்று டின் பாலுக்கு மாறினேன். கெடாது, காய்ச்சவும் வேண்டாம். அக்காவிடம் சொல்லத் தயங்கி இரண்டு நாள் இழுத்தடித்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"பால் வேணாம்னா பரவால்ல தங்கச்சி, நாலு வீட்டுல ஊத்திக்கிறேன். இலைய மட்டும் வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

அவருக்கே கொடுத்துவந்தேன். டின்னைக் கத்தியால் குத்தித் திறந்தால் மூடி கிழிந்து துண்டு துண்டாக வரும். மதியக் கூட்டத்தில் கைக்கு எட்டியது இலைக்கூடைதான். எதைக் கழித்தாலும் அதில் போட்டே பழகிய கை. தகரம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தும், குனிந்து எடுக்க எனக்குச் சோம்பல்.

ஒரு வாரம் மாடு தீனி எடுக்கவில்லை, பிறகு செத்துப்போனது. எங்கள் எச்சில் இலை முதன்முதலாக முனிசிபல் குப்பை வண்டியில் ஏறியது. தோட்டக்காரர் மூட்டை உரம் வாங்கத் தொடங்கினார்.

மாட்டின் வயிற்றை அறுத்தவர்கள் எடுத்துக் கொடுத்த தகரத் துண்டை அக்கா கழுவிக் கொண்டுவந்து, என் மேசைமேல் வைத்தார்.

"இது ஒங்க கடையிலேருந்து வந்திருக்குமா தங்கச்சி?"

எங்கள் டின் மூடிதான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"டவுன் பூரா டின் பால்தானே அக்கா? நீங்க பாசார்ல காய்க்கடைக் குப்பையும் மாட்டுக்கு அள்றீங்க. எங்க கெடந்துச்சோ!"

அப்படிச் சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாசார் குப்பைய ஒண்ணொண்ணா ஒதறிப் பாத்துட்டுதான் போடுவேன் தங்கச்சி. ஒங்க கூடைய மட்டுந்தான் பாக்காம கொட்டுவேன்."