கமிஷனர் கேட்காமல் விட்டது

பினாங்கில் டிராம் ஓடிய காலத்தில் எங்கள் மெய்யநாதன் செட்டியார் முனிசிபல் கமிஷனராக, அதாவது நகரசபை அங்கத்தினராக இருந்தார். தேர்தல் கீர்தல் எதுவும் கிடையாது, மேலிடத்து நியமனம்தான். நம்மாள் ஒருத்தர் உள்ளே இருக்க வேண்டும் என்று நாங்கள்தான் அவருக்குக் கோட்டு மாட்டி அனுப்பினோம். மனுஷன் வட்டிக்கடையில் புலி. வெள்ளைக்காரத் துரைகள் நடுவில் உட்கார்ந்தாலோ நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் கை தூக்கினால் இவரும் தூக்குவார். அவர் செய்த அரசியல் அவ்வளவுதான்!

நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வருஷத் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புதுப் பாதையில் வருகிறது. குறுக்கே டிராம் கம்பி. ரதத்தின்மேல் ஒருவன் நின்று மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடித்தால்தான் கலசம் தட்டாது. அந்த நேரத்துக்குக் கரண்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். செட்டியார் கூட்டத்தில் எழுந்தார். தலைமைத் துரை நிமிர்ந்து பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் வந்து, "கேட்டாச்சு, நிறுத்திருவாக" என்றார். அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. விரதமாக்கும் என்று நினைத்தோம், பாவிகள்!

தைப்பூசத்தன்று காலையில் நல்ல மழை. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் சின்னையா, நனைந்த மூங்கிலோடு ரதத்தின்மேல் நின்றான். அவனை ஏற்றிவிட்டவர்கள் நாங்கள்தான். செட்டியார் அவனையே அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"உடம்புக்கு என்னண்ணே?" என்றேன்.

"ஒண்ணுமில்லப்பா."

வழியில் சின்னையாவுக்குத் தலை சுற்றியது. அவனை இறக்கி ஓரமாக உட்காரவைத்தோம். நாங்கள் யோசிப்பதற்குள் தேனப்பன் மூங்கிலை எடுத்துக்கொண்டு தாவி ஏறினான். செட்டியாருக்கு ஒரே மகன்.

கம்பி நெருங்கியது. தேனப்பன் மூங்கிலை உயர்த்தினான். செட்டியார் ஓடிப்போய் ரதத்தை இழுத்த காளைகளுக்கு முன்னால் விழுந்தார்.

"நிப்பாட்டுங்க! கம்பியில கரண்டு இருக்கு! நான் கேக்கவே இல்லடா... பயமா இருந்துச்சு, கேக்கல!"

காளைகளை இழுத்துப் பிடித்தோம். தேனப்பன் மூங்கிலைக் கீழே வீசினான். சிலர் செட்டியாரை அடிக்கப் பாய்ந்தார்கள். நானும்தான் பாய்ந்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

தேனப்பன் இறங்கி வந்தான். அவனைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினார் செட்டியார். அவன் விலகி நின்றான். ஓரத்தில் குந்தியிருந்த சின்னையாவைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினான்.

"அப்பச்சி, சின்னையா அண்ணனே மேல நின்னிருந்தா சொல்லியிருப்பீகளா?"

செட்டியார் எங்களைப் பார்த்தார். நாங்கள் சின்னையாவைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டோம்.