பாலத்துக்கு மேலேயா, கீழேயா

என் மருமகள் பூச்சி ஆராய்ச்சி செய்கிறாள். மலை ஓடைகளில் மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டித் தனக்கொரு கூடு கட்டிக்கொண்டு வாழும் ஒரு புழு. பிறகு அதுவே சிறகு முளைத்துப் பறக்கும். கேடிஸ் என்று பெயர். வால்பாறையில் பிடித்ததைச் சிறு குப்பிகளில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, சேலையூரில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் பார்ப்பாள். நான் பத்தாவது வரை படித்தவன். இத்தனை சின்ன உயிருக்கும் கர்த்தர் ஒரு வீடு கொடுத்திருக்கிறாரே என்பதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் தெரியாது.

"வீடு முழுக்க சாராய வாசனை. பாஸ்டர் வந்தா உங்களத்தான் சந்தேகப்படுவாரு," என்பாள் என் மனைவி.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும். எந்த ஓடை, என்றைக்கு என்று மருமகள் பென்சிலில் கிறுக்கியிருப்பாள். எங்கள் சபை வாசலில் கரும்பலகையில் வாராவாரம் வசனம் எழுதுகிறவன் நான். கோணல் எழுத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஒரு மதியம் அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது, தனியாக வைத்திருந்த மூன்று குப்பிகளின் சீட்டுகளையும் பால்பாயிண்ட் பேனாவால் முத்து முத்தாகத் திருப்பி எழுதி உள்ளே போட்டேன். பழைய சீட்டுகள் மறுநாள் காலை குப்பை வண்டியில் போய்விட்டன.

குப்பை வண்டி போன அன்று சாயங்காலம் அவள் ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். சீட்டு வெறும் வெள்ளையாக இருந்தது. ஸ்பிரிட் லேசான நீலம்.

"மாமா, இதுல யாரு கை வெச்சது?"

"நான்தாம்மா. அழகா இருக்கட்டுமேன்னு..."

"ஸ்பிரிட்ல பேனா மை நிக்காது மாமா. அதுக்குத்தான் பென்சில்." அவள் சத்தம் போடவில்லை. "என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

இரண்டை உடனே சொன்னேன். மூன்றாவது குப்பியில் இருந்தது ஒரே ஒரு ஆண் பூச்சி. ஆணின் வால்நுனியைப் பார்த்துத்தான் இனம் பிரிப்பார்களாம். அதன் நுனி அவளிடம் இருந்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. புது இனமாக இருக்கலாம் என்று ஒரு வாரமாக அதையேதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாலத்துக்கு மேலேயா, கீழேயா மாமா? ரெண்டு பக்கமும் பிடிச்சேன், இது எந்தப் பக்கம்னு சீட்டுலதான் இருந்துச்சு. மேலேன்னா காடு. கீழேன்னா எஸ்டேட் தண்ணி. எடம் தெரியாத பூச்சிய புது இனம்னு எழுதினா யாரும் ஏத்துக்க மாட்டாங்க."

"மேலேன்னுதான் இருந்திருக்கும், சொல்லுங்களேன்," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

எனக்கும் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் மருமகள் நம்பியிருப்பாள். ஆனால் அதை எழுதும்போது நான் எழுத்தின் வளைவைத்தான் பார்த்தேன், சொல்லைப் பார்க்கவில்லை.

"நிச்சயமா தெரியலம்மா."

குப்பியை மேஜையில் வைத்தாள். பிறகு பென்சிலை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எழுதுங்க மாமா. என் எழுத்துதான் உங்களுக்குப் பிடிக்காதே."

அவள் சிரித்தாளா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு ஓடைகளின் பெயரை எழுதினேன். மூன்றாவது சீட்டில் 'இடம் தெரியாது' என்று எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. அந்தக் குப்பியை அவள் அலமாரியின் பின்வரிசையில் வைத்தாள்.