அரைச் சட்டி சூப்

கப்பலில் சமையல்காரராக இருந்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தூத்துக்குடி கடற்கரையில் ஒரு பழைய வேனை வீடாக்கி நிறுத்தியிருந்தார். கூரைமேல் சோலார் தகடு, உள்ளே ஒரு கட்டில், அதில் நோயில் இளைத்துப்போன அவர் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அந்த அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடல்காற்று பட்டால் பசிக்கும் என்று இவராகவே முடிவுகட்டியிருந்தார்.

காலை நடைக்குப் போன நான் வேன் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்தேன். புருவம்கூட வெளுத்தவர், முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. மின்சாரம் கொஞ்சமாக இழுக்கும் சின்ன குக்கரில் சூப்புக்கு முருங்கைக்கீரையும் பூண்டும் போட்டார். பேட்டரி தாங்காதென்று ஃபேனை நிறுத்தி, மனைவிக்கு ஓலை விசிறியால் வீசினார். தண்ணீர் மட்டும் பாதிக்கு மேல் ஊற்றவில்லை.

"நெறைய வைக்கலாமே அண்ணாச்சி?"

"கப்பல் ஆடும்லா தம்பி. சிந்திரும்."

வேன் அசையாமல்தான் நின்றது.

மனைவிக்கு அரை டம்ளர் கொடுத்தார். "அவ ரெண்டு மடக்குக்கு மேல குடிக்க மாட்டா" என்று மீதியை எனக்கு ஊற்றிவிட்டார். நான் குடித்து முடித்தபோது அந்த அம்மாள் காலி டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

அவள் பங்கைக் குடித்துவிட்டோமே என்று எனக்குக் கூசியது. அவரோ, "ஏளா, கொஞ்சம் பொறு" என்று குக்கரைக் கழுவி, மறுபடி கீரையும் பூண்டும் போட்டு, இந்தமுறை விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார்.

கொதி வந்ததும் பொங்கி வழிந்தது. அத்தனை வருஷம் கடலில் ஒரு சொட்டுச் சிந்தாமல் சமைத்தவர், துடைக்கக்கூடத் தோன்றாமல் மனைவியையே பார்த்து விசிறிக்கொண்டிருந்தார்.