றக்வான மலையில் ஒரு ஸ்கூட்டர் சுற்று

எங்கள் வேலைக்கு எல்லாவற்றையும் பழக்கிக் கொடுப்பார்கள். சிரிப்பை மட்டும் நாமே வீட்டிலிருந்து கொண்டு வர வேண்டும்.

ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள், புடவைக் கடையில் நாள் பூராவும் சேலை விரித்து மடிக்கிறவர்கள், பஸ்ஸில் மீதிக் காசுக்குத் திட்டு வாங்குகிறவர்கள், நீங்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இது சட்டென்று புரியும். றக்வான டவுனுக்கு மேலே, தேயிலையைக் கைவிட்ட ஒரு மலைப் பக்கத்தில் விடுமுறைப் பூங்கா ஒன்று இருக்கிறது. தண்ணீர்ச் சறுக்கு, கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைக் கடப்பது, பலகை அறைகள், பிள்ளைகளுக்கு ராட்டினம் எல்லாம் உண்டு. அங்கே நான் ஸ்கூட்டர் வழிகாட்டி. உட்கார்ந்து ஓட்டுகிற ஸ்கூட்டர் இல்லை. இரண்டு பக்கமும் சக்கரம், நடுவில் நிற்க ஒரு தட்டு, பிடிக்க ஒரு கம்பு, அவ்வளவுதான். முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். விருந்தாளிகளைத் தோட்டத்துப் பாதையில் கூட்டிக்கொண்டு போய், காட்ட வேண்டியதைக் காட்டி, முழுசாகத் திருப்பிக் கொண்டு வந்து விடுவது என் பொறுப்பு.

விழப் பழகிய களம்

பழகுகிற இடம் பழைய பிரட்டுக்களம். ஒரு காலத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுத்த இடம். இப்போது அங்கே ஹெல்மெட்டைப் பிரித்துக் கொடுக்கிறோம். கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்த எனக்கு முதல் நாள் அங்கேதான் பயிற்சி. மெக்கானிக் சமன் அண்ணன்தான் பழக்கினார். களத்துக்கு மேலே இன்னும் தேயிலை இருக்கிற மலை. அன்றைக்கென்று பார்த்து அம்மாவும் மற்றப் பெண்களும் அங்கேதான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏறினேன், விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் மேலே இருந்து கைதட்டல். "இதுக்கு நம்ம மாடே தேவல!" என்று யாரோ கத்த, மலை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்படியே கொழும்பு பஸ் ஏறிவிடலாமா என்று இருந்தது. சமன் அண்ணன் வந்தார். என் முழங்கையைப் பார்த்தார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, தங்கச்சிக்கு 'நங்கி', சரிக்கு 'ஹரி' என்று சிங்களம் கலந்த அவருடைய பாதித் தமிழில் சொன்னார்: "நங்கிக்கு ஒண்ணும் ஆகல. ஸ்கூட்டருக்கும் ஒண்ணும் ஆகல. ஹரி, அப்ப இன்னொருக்கா விழுவோம்."

நிறுத்தத் தெரியாத ஐயா

கேகாலையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. ஐயா பெரிய பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லிக் கொடுக்க வாயைத் திறக்கும் முன்பே "எல்லாம் வீடியோவில பாத்துட்டேன் மகள்" என்று ஏறிவிட்டார். ஏறியது தப்பில்லை, போனதும் தப்பில்லை. களத்தை வட்டமடித்துக்கொண்டே புவியீர்ப்பு பற்றி எங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். நான் "பின்னால சாயுங்க ஐயா, பின்னால" என்று கத்துகிறேன். நான் சொல்வது கேட்கவில்லை என்று அவர் என் பக்கமாக முன்னால் குனிகிறார். குனியக் குனிய ஸ்கூட்டர் வேகமெடுக்கிறது.

கடைசியில் கூடவே ஓடிக் கம்பைப் பிடித்தேன். மூன்று பேரும், அதாவது ஐயாவும் நானும் ஸ்கூட்டரும், ஒரு தேயிலைச் செடிக்குள் போய்த்தான் நின்றோம். நல்ல வேளை, கிளை ஒடிந்ததே தவிர எலும்பு ஒடியவில்லை. நான் பயத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவருடைய மனைவி மெதுவாக நடந்து வந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த இலைகளைத் தட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "நீங்க ஒண்ணும் மனசில வச்சிக்காதீங்க தங்கச்சி. வீட்டுலயும் இவரு பேச ஆரம்பிச்சா இப்படித்தான், எங்க நிப்பாட்டணும்னு தெரியாது."

குணபால ஐயாவின் கால்

பெல்மதுளைப் பக்கத்திலிருந்து வந்த குணபால ஐயா முன்பு மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். குழியின் பக்கச் சுவர் சரிந்து ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அந்த இடத்தில் செயற்கைக் கால். மகள் பிறந்தநாளுக்காகக் குடும்பத்தோடு பூங்காவுக்கு வந்திருந்தார். மற்றவர்கள் சறுக்கில் விழுந்து விளையாடிக்கொண்டிருக்க, இவர் ஸ்கூட்டர் கொட்டகைக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிங்களத்தில் கேட்டார், எனக்கும் ஒன்று தருவீர்களா என்று. காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் கேட்டார். மறைக்கவில்லை.

இந்த ஸ்கூட்டருக்கு இரண்டு பாதமும் தட்டில் அழுந்தியிருக்க வேண்டும். ஒரு பக்கம் பாரம் குறைந்தால் கூவ ஆரம்பித்து நின்றுவிடும். மாட்டேன் என்று சொல்வது சுலபம். ஆனால் அவர் இதற்கு முன் எத்தனை பேரிடம் அந்தப் பதிலைக் கேட்டிருப்பார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் சமன் அண்ணனைப் பார்த்தார். சமன் அண்ணன் ஸ்கூட்டரை ஆமை வேகத்துக்கு மாற்றினார். "களத்துல மட்டும், நாங்க ரெண்டு பக்கமும் நடந்து வருவோம்" என்று முடிவானது.

ஏறியதும் அது கூவியது. இறங்கினார். மறுபடி ஏறினார், மறுபடியும் கூவியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத காலை நினைத்து அழுத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். சத்தம் நின்றது. ஸ்கூட்டர் நகர்ந்தது. ஒரு சுற்று முடிவதற்குள் நாங்கள் கையை எடுத்துவிட்டோம். பிறகு அவருடைய மனைவியும் ஒன்றில் ஏறினார். அந்த அம்மாவுக்கோ கம்பை விட்டுக் கண்ணை எடுக்கவே பயம். ஐயா முன்னால் போவார், நின்று திரும்பிப் பார்ப்பார், அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நகர்வார். இறங்கும்போது ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்: "காலு போன நாள்லருந்து இவ எனக்காக மெதுவா நடந்தா மகள். இன்னக்கி இவளுக்காக நான் மெதுவாப் போனேன்."

துரை பின்னால் வந்தார்

ஒரு நாள் வந்த விருந்தாளியை ஆபீஸில் எல்லாரும் எழுந்து நின்று வரவேற்றார்கள். விசாரித்தால், இதே தோட்டத்தில் முன்பு நிர்வாகம் பார்த்த பெரிய துரையாக இருந்தவராம். கொழும்புக்காரர். வயசாகியும் நிமிர்ந்த உடம்பு. தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசினார், ஆனால் அந்தக் காலத்துத் தமிழ். "நீ எந்த லயம்?" என்றார், எந்த வரிசை வீடு என்று. சொன்னேன். "யாரு மக?" என்றார். அதையும் சொன்னேன். அவருக்கு ஞாபகம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

சுற்றில் வழிகாட்டிதான் முன்னால் போக வேண்டும். அவர் பழக்கதோஷத்தில் என்னை முந்த முந்தப் பார்த்தார். நான் கையை நீட்டி, "ஐயா, நீங்க பின்னால வரணும்" என்றேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சரிதான். இப்ப நீங்கதான் துரை" என்று பின்னால் வந்தார். 'நீ' அந்த இடத்தில் 'நீங்க' ஆனது.

வளைவில் அம்மா வந்துகொண்டிருந்தாள், கொழுந்துச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு. துரையைக் கண்டதும், எத்தனையோ வருஷம் கழித்தும், உடம்பு தானாக அடையாளம் கண்டுகொண்டது போல, றோட்டை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கித் தலையைக் குனிந்து நின்றாள். நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். அவரும் நிறுத்தி இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "ஏம்மா கானுல எறங்குனீங்க? மேல வாங்க" என்று கையை நீட்டினார். அம்மா என்னைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பிடித்து மேலே ஏறினாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசினார்கள். அம்மாவின் போத்தலிலிருந்து சாயத் தண்ணி, அதுதான் பால் போடாத தேத்தண்ணி, வாங்கிக் குடித்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார்.

அன்று பின்னேரம் வீட்டில் அம்மா அடுப்பையே ஊதிக்கொண்டிருந்தாள். சங்கடமா, சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு திடீரென்று சிரித்தாள்: "துரை இம்புட்டுக் கட்டையான ஆளாடி? அப்பல்லாம் நான் தலையத் தூக்கிப் பாத்ததே இல்ல."

பாலத்துக்கு அந்தப் பக்கம்

றக்வான டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம். கடையை விட்டு வர முடியாததால் வாப்பா வரவில்லை. உம்மாவும், பதின்மூன்று வயது ஸஹ்ராவும்தான் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அக்காமாரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். நானும் அந்த உம்மாவைத் தாத்தா என்றே கூப்பிட்டேன். நல்ல வெயில். சின்னப் பாலத்தைத் தாண்டி, லயத்துக்குக் கீழே இருக்கிற வளைவு வரைக்கும் போய்விட்டோம். ஸஹ்ரா முயல் மாதிரி ஓட்டினாள்.

மழை இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டு வராது. மலை உச்சி கறுத்தது, அடுத்த மூச்சில் நாங்கள் நனைந்துவிட்டோம். மரத்தடியில் ஒதுங்கினோம். குளிரிலும் ஓட்டத்திலும் ஸஹ்ராவுக்கு இழுப்பு வந்துவிட்டது. தோள் ஏறி இறங்குகிறது, பேச்சு வரவில்லை. தாத்தா கைப்பையைத் தேடினார். கைப்பை பூங்காவின் அலமாரியில், இழுப்பு மருந்துப் பம்ப் அதற்குள். நான் பாலத்துக்கு ஓடினேன். பாலம் தெரியவில்லை, செம்மண் தண்ணீர்தான் தெரிந்தது. சமன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "எறங்க வேணாம் நங்கி! சுத்துப் பாதையிலயும் மண்ணு சரிஞ்சிருக்கு, த்ரீவீல் வராது" என்றார்.

ஸ்கூட்டர்களை அப்படியே போட்டுவிட்டு ஸஹ்ராவை முதுகில் தூக்கினேன். குறுக்குப் பாதையால் லயத்துக்கு ஏறினோம். பின்னால் தாத்தா துஆ ஓதிக்கொண்டே வழுக்கி வழுக்கி வருகிறார். என் காதுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் மூச்சு விசில் மாதிரி கேட்கிறது. வாசலில் நின்று கத்தினேன்: "யாரு வீட்டுலயாச்சும் இழுப்புக்கு அடிக்கிற பம்ப் இருக்கா? ஓடியாங்க!" கதவுகள் திறந்தன. கோடி வீட்டுச் சரோஜா அக்கா கொட்டுகிற மழையில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். கையில் நீல நிறப் பம்ப். அவருடைய மகளுக்கும் இதே இழுப்பு வருத்தம். தாத்தா அதை வாங்கி எழுத்தைப் படித்தார். "இதேதான், இதேதான்" என்றார்.

அடித்த பிறகும் உடனே ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தப் பிள்ளையின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அடித்தார். மெதுவாக விசில் சத்தம் குறைந்தது. தோள் இறங்கியது. ஸஹ்ரா கண்ணைத் திறந்து, "உம்மா, ஸ்கூட்டர் நனையிது" என்றாள். அழுதுகொண்டிருந்த தாத்தா சிரித்துவிட்டார். சரோஜா அக்கா தன் மகளின் உடுப்பைக் கொண்டு வந்து மாற்றிவிட்டார். இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் போர்வை கொண்டு வந்தார், இன்னொருவர் அடுப்பில் விறகை எடுத்து வைத்தார். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்து, சமன் அண்ணன் குடையோடு பாலத்தைக் கடந்து வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அன்றிலிருந்து, ஹெல்மெட் கொடுக்கும் முன்பே "மருந்து ஏதாச்சும் பாவிக்கிறீங்களா? அது கையில இருக்கா?" என்று கேட்காமல் நான் யாரையும் ஏற்றுவதில்லை. புறப்படும்போது தாத்தா சரோஜா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்ற எல்லாரையும் ஒரு முறை பார்த்தார். "இந்த றோட்டால எத்தின தரம் போய் வந்தீப்போம். லயத்தத்தான் பாத்த. அதுக்குள்ள ஈக்கிற மனிசர இண்டைக்குத்தான் கண்ட."

என் ஊரை விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டத்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று பூங்காக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் வருகிறவர்கள்தான் என் ஊரை எனக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, அதற்கு டிக்கெட் காசும் அவர்களே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.