வெடிப்புக்குள் போன குப்பை

திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்வது எளிமையானது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும். பிரித்தபடியே கொண்டுபோக வேண்டும். திறந்தவெளியில் கொட்டக் கூடாது. கோவில்பட்டியை அடுத்த எங்கள் ஊராட்சியில் இதில் முதல் வாக்கியம் மட்டும் பக்தியோடு நிறைவேறியது. வீட்டுக்கு ஒரு பச்சைக் கூடை, ஒரு நீலக் கூடை. இரண்டையும் ஒரே வண்டியில் கவிழ்த்து, ஊருக்கு வெளியே புறம்போக்கில் தட்டினார்கள். கூடைகளை மட்டும் பிரித்தே திருப்பிக் கொடுத்தார்கள்.

புறம்போக்கை ஒட்டி என் பக்கத்து வீட்டுக்காரரின் மானாவாரி நிலம். ஆடிக் காற்று பாலிதீன் பைகளை அங்கே கொண்டு சேர்த்தது. அவருக்காக மனு எழுதினேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். எந்த மனு எந்த மேசையில் உறங்கும் என்று தெரியும். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினேன். ஆய்வுக்கு உத்தரவானது.

ஆய்வுக்கு முந்தின நாள் அவர் வந்து அழைத்தார். கோடையில் பிளந்த கரிசல் மழையில்லாமல் அப்படியே கிடந்தது; வெடிப்புக்குள் முழங்கை வரை இறங்கும். புறம்போக்கிலிருந்த குவியலுக்கு ஏற்கெனவே மண் போர்த்திவிட்டு, ஊராட்சி ஆட்கள் அவர் நிலத்துப் பைகளை விளக்குமாற்றால் வெடிப்புகளுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எந்த விதியின்படி என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"மண்ணு வாயத் தொறந்துக்கிட்டுல்லா கெடக்கு அண்ணாச்சி. ஊட்டி விடுதோம்."

ஆட்கள் சிரித்தார்கள். நிலத்துக்காரர் சிரிக்கவில்லை.

"மழை விழுந்துட்டுன்னா மூடிக்கிடும் வேய். பெறவு வேரு எங்கன போயி எறங்கும், ஒம்ம தலையிலயா?"

மறுநாள் வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்காமலே படம் எடுத்துக்கொண்டார். வெடிப்புக்குள் பார்க்கச் சொன்னேன். தன் ஆய்வு தரைமட்டத்தோடு முடிகிறது என்றார்.

மழைக்கு முன் மறுஆய்வு செய்து பைகளை அகற்றக் கோரி மேல்மனு அனுப்பினேன். அதுவரை நிலத்தை உழக் கூடாது, எதையும் எடுக்கக் கூடாது, சாட்சியம் கலைந்துவிடும் என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அறிவுறுத்தினார்கள். குப்பையைக் கொட்டும்போது இல்லாத அக்கறை சாட்சியத்தின் மேல் வந்திருந்தது. சுற்றிலும் உளுந்தும் பாசியும் மழையை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டார்கள். இவர் மட்டும் விதையை மூட்டையில் வைத்துக்கொண்டு கூடிவரும் மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

புரட்டாசிக் கடைசியில் விடிய விடிய மழை. வெடிப்பெல்லாம் பைகளோடு மூடிக்கொண்டது.

மறுஆய்வில் குப்பை ஏதும் காணப்படவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது என்ற பதில் வந்தது ஐப்பசி மூன்றாம் தேதி.