எதிர்க் கூட்டத்து மோசஸ்

மோசஸ் இறந்துவிட்டார். இன்று காலை நைட் ஷிப்ட் முடித்து, கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் ரயிலுக்கு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நண்பர் என்று சொல்ல முடியாது. பல வருடமாக ஃபுட்பால் மைதானத்தில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் ஊர் டீமுக்கு அவர் கத்துவார், எங்கள் ஊர் டீமுக்கு நான்.

ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஆபரேட்டர். அந்த இரைச்சலில் பேசிப் பழகிய குரல், மைக் தேவையில்லை. என் மூக்கைக் கிண்டல் செய்து ஒரு பாட்டே கட்டியிருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

இரண்டு வருடம் முன்பு எங்கள் இரண்டு ஊருக்கும் ஃபைனல் வந்தது. மேளம், வெடி, கொஞ்சம் தள்ளுமுள்ளு. சில பிளாஸ்டிக் சேர்கள் உடைந்தன. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு உத்தரவு போட்டார்கள். மைதானத்தில் மேளம் அடித்தால், வெடி போட்டால், கொடி பிடித்தால், கும்பலாகக் கோஷம் போட்டால் கேஸ். அடுத்த மேட்சிலேயே எங்கள் பையன்கள் ஆறு பேர் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இங்கே ஒரு கம்பெனியில் பர்மனென்ட் ஆக வேண்டுமென்றால் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். அந்த ஆறு பேரில் ஒருவனான தினேஷுக்குத் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, சேர வேண்டிய வாரம் அது... கேஸ் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

பையன்களுக்காக நான் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். மோசஸ் தன் ஊர் ஆட்களோடு உள்ளே வந்தார். வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“சார், மேட்சுல மோளம் அட்ச்சது இவனுங்க மட்டும் இல்ல. நாங்களும்தான் அட்ச்சோம். எங்க பேரயும் எய்திக்கோங்க.”

எஸ்.ஐ. சிரித்தார். “இன்னாய்யா, கேஸு இன்னா கல்யாணப் பந்தியா, வர்றவனுக்கெல்லாம் போட்றதுக்கு?”

“பந்தின்னா கூப்ட்டாதான் சார் வருவோம். இதுக்குக் கூப்டாமயே வந்துக்கீறோம்.”

எழுதவில்லை. துரத்திவிட்டார்கள். வெளியே வந்ததும் கேட்டேன், “உனுக்கு இன்னாய்யா வந்துச்சு இதுல?”

“எங்க பசங்களும் அதே கம்பெனி கேட்டுலதான் நிக்கிறானுங்க சேகரு. இன்னிக்கி உன் ஆளு... நாளிக்கி?”

அப்படித்தான் இரண்டு ஊர் ரசிகர்களும் ஒன்று சேர்ந்தோம். உத்தரவை வாபஸ் வாங்கச் சொல்லி மனு கொடுக்க ஒரே வேனில் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனோம்.

பேனர் அடித்தது மோசஸ். அவர் ஊர் பெயரை முதலில் போட்டிருந்தார். பெரியபாளையம் தாண்டும்வரை அதற்குச் சண்டை. கடைசியில், ஊர் பெயர் இருந்த வரியை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். ‘கத்துவது குற்றமா?’ என்பது மட்டும் தெரிந்தது.

மனுவுக்குப் பதில் வரவில்லை. அப்போது மோசஸ்தான் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் மேட்சுக்கு வருவது... யாரும் வாயே திறப்பதில்லை.

இரண்டு பக்கமும் வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு நின்றோம். பந்தை உதைக்கிற சத்தம், விசில் சத்தம். வேறு ஒன்றும் இல்லை. ஆடுகிறவர்களே மிரண்டுபோய் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கேஸ் போட வந்த போலீஸ்காரர் நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த மேட்சில் கோல் போட்டது மோசஸின் கூடப் பிறந்த தம்பி. மோசஸ் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

ஆட்டம் முடிந்ததும் கர்ச்சீப்பை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். “தொண்டயில மீன் முள்ளு மாட்னாப்ல இருந்துச்சுயா. இன்னொரு தபா என்னால முடியாது.”

இன்னொரு தடவை தேவைப்படவில்லை. அந்த மேட்சை யாரோ எடுத்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியது. சில மாதம் கழித்து உத்தரவைத் தளர்த்தினார்கள். மேளமும் கொடியும் கோஷமும் திரும்ப வந்தன. வெடிக்கு மட்டும் இன்னும் தடை.

கேஸ் முழுதாகப் போகவில்லை. நாலு பேரை விட்டுவிட்டார்கள். தினேஷுக்கும் இன்னொருவனுக்கும் பொன்னேரி கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. தினேஷ் வேறொரு இடத்தில் கான்ட்ராக்டில் இருக்கிறான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மோசஸ் வந்துவிடுவார். கேஸில் அவர் பெயரே கிடையாது, அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. தினேஷை அழைத்துக்கொண்டு போய் நாஷ்டா வாங்கிக் கொடுப்பார். பழைய ஃபைனலில் அவர்கள் போட்ட கோல் ஆஃப்சைடா இல்லையா என்று என்னோடு சண்டை போடுவார். “அடுத்த வாய்தா எப்பன்னு சொல்லு” என்று கேட்டுக்கொண்டு கிளம்புவார்.

கடைசி வாய்தாவுக்கும் வந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மதியம் அவர் மனைவி எஸ்தருக்கு போன் செய்தேன். அடக்கம் நாளை காலை, அவர்கள் ஊர்க் கல்லறையில்.

“நீங்க மட்டும் வர்றீங்களாண்ணா, உங்க ஆளுங்களும் வர்றாங்களா?”

“எல்லாருந்தாம்மா வர்றோம்.”

“அப்ப உங்க டீமு மஞ்ச பனியனப் போட்டுக்கினே வாங்கண்ணா. எதிர்ல ஆளு நின்னாதான் அவுருக்குப் பொய்து போவும்” என்றார்.

குரூப்பில் சொல்லிவிட்டேன். துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள்.

போய் வாய்யா மோசஸு.