படத்துக்குக் கீழே ஒரு வரி

சிந்தியாவின் வேலையே மன்னிப்புக் கேட்பதுதான். வைட்ஃபீல்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில், வீடுகளுக்கு மளிகை அனுப்பும் ஒரு கம்பெனியின் சாட் பிரிவில் அவள் உட்கார்ந்திருப்பாள். முட்டை உடைந்து வந்தது, தயிர் புளித்துப்போனது, கொத்தமல்லி கேட்டால் புதினா வந்தது என்று ஊரே திரண்டு அவள் திரையில் கத்தும். அவள் நிதானமாகத் தட்டுவாள்: ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்.’ தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து விழும்.

“உங்க ஸாரிக்குத்தான் மேடம் ரேட்டிங் ஜாஸ்தி” என்பான் டீம் லீடர் உமேஷ். “படிக்கிறவங்களுக்கு நீங்க நிஜமா அழுகிற மாதிரியே இருக்கு.”

நாள் முழுவதும் கம்பெனியின் வார்த்தைகளைத் தட்டிவிட்டு வருகிறவளுக்கு, சொந்த வார்த்தைகளைச் செலவழிக்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். சோனியா.

ஈஜிபுராவில் சிந்தியாவும் அவள் அம்மாவும் குடியிருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி சோனியா இருந்தாள். கோரமங்களாவில் ஒரு பார்லரில் வேலை. கணவன் சரவணன் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டினான். ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் கூடும் சின்னத் தமிழ்ச் சபையின் பாட்டுக் குழுவில் சிந்தியாவும் சோனியாவும் அடுத்தடுத்து நிற்பார்கள். ஒருத்தி சுருதி தவறினால் மற்றவள் முழங்கையால் இடிப்பாள். அப்படி ஆரம்பித்த சிநேகம்தான்.

சபைப் பெண்களுக்கு வாட்ஸப்பில் ஒரு காலை ஜெபக் குழு இருந்தது. விடிந்ததும் பாஸ்டரம்மாவின் குரல் பதிவு வரும். நீளமாகத்தான் வரும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சோனியா தனியாக ஒரு செய்தி அனுப்புவாள்.

“பாஸ்டரம்மா மூச்சு எப்ப விடுவாங்க?”

“ஆமென்லதான்” என்று இவள் பதில் போடுவாள்.

பிறகு இருவரும் ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பார்கள். அதையும் குரலாக அனுப்பிக்கொள்வார்கள். முப்பத்தாறு வயதாகியும் சிந்தியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. “ஆண்டவரே, சிந்துவுக்கு ஒரு நல்ல மாப்பிள்ளை தாரும். காது கொஞ்சம் கேக்காதவரா இருந்தா உத்தமம்” என்று சோனியா ஜெபத்துக்கு நடுவிலேயே சிரித்துவிடுவாள். சோனியாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம், குழந்தை இல்லை. அதற்காக சிந்தியா ஜெபிக்கும்போது மட்டும் கேலி இருக்காது. அவள் குரல் தானாகத் தணிந்துவிடும். கேட்டுவிட்டு சோனியா ஒரு இதயத்தை அனுப்புவாள். அவ்வளவுதான், உடனே அடுத்த பேச்சு.

பெரிய வெள்ளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை மதியம், சோனியா முகநூலில் ஒரு படம் போட்டாள். சிவாஜிநகரில் ஏதோ ஒரு ஓட்டல். முன்னால் பெரிய தட்டில் பிரியாணி, பக்கத்தில் இன்னொரு தட்டு கபாப், அதற்குப் பக்கத்தில் ஃபலூடா. எடுத்தது சரவணன். சோனியா லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆபீஸில் டீ இடைவேளையில் சிந்தியா அதைப் பார்த்தாள். தட்டைத்தான் பார்த்தாள், முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கை வழக்கம்போல ஓடியது. ‘அடியே, என்ன இவ்ளோ? ரெண்டு பேருக்கா சாப்பிடுற?’ என்று எழுதி, கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டாள். கோப்பையைக் கழுவிவைத்துவிட்டு மறுபடியும் வேலைக்கு உட்கார்ந்தாள்.

மாலை ஆபீஸ் வண்டியில் திரும்பும்போது போனை எடுத்தாள். அவளுடைய அந்த வரிக்குக் கீழே வாழ்த்துகள் குவிந்திருந்தன. ‘தேவனுக்கே மகிமை’ என்று சபையிலிருந்து யாரோ. ‘கங்கிராட்ஸ் அக்கா’ என்று பார்லர் பெண்கள். சரவணனின் உறவுக்காரர்கள் வேறு. சோனியாவிடமிருந்து மட்டும் எதுவும் இல்லை. சிந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. ‘செத்தேன், நாளைக்குச் சபையில உதைப்பா’ என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சரவணன் கூப்பிட்டான். அவன் அவளுக்குப் போன் செய்வதே கிடையாது.

“சிந்தியா, அந்தக் கமெண்ட்டக் கொஞ்சம் எடுத்துடுங்க.”

“அய்யோ அண்ணா, சும்மா தமாஷுக்குப் போட்டேன். எல்லாரும் நிஜம்னு நினைச்சுட்டாங்க பாருங்களேன்...”

“நிஜமாத்தான் இருந்துச்சு” என்றான் சரவணன். பின்னால் ஆரன் சத்தம் கேட்டது. வண்டியை ஓரம் கட்டியிருப்பான் போல. “ரெண்டு மாசம். போன வாரம் கலைஞ்சுடுச்சு. யாருக்கும் சொல்லல. ரூமவிட்டு வெளிய வரமாட்டேன்னா, நான்தான் இழுத்துட்டுப் போய்ச் சாப்பிடவெச்சேன். சிரின்னு சொல்லி போட்டோ எடுத்தேன். இப்ப எங்கம்மா கிருஷ்ணகிரியில தெரு பூரா சாக்லேட் குடுத்துட்டாங்க. சோனியாதான் அவங்களுக்குப் போன் பண்ணி இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு.”

மாரத்தஹள்ளியில் வண்டி நின்றுகிடந்தது. பக்கத்து இருக்கைப் பெண் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சிந்தியா அந்த வரியை நீக்கினாள். அதோடு சேர்ந்து கீழே இருந்த வாழ்த்துகளும் மறைந்தன. ஆனால் கிருஷ்ணகிரியில் ஒரு கிழவி தெருவில் கொடுத்த இனிப்பை எந்தப் பொத்தானை அழுத்தித் திரும்ப வாங்குவது?

மறுநாள் சோனியா சபைக்கு வரவில்லை. திங்கட்கிழமை ஜெபக் குழுவிலிருந்து விலகிவிட்டாள். சிந்தியா போன் செய்தால் அடித்து ஓய்ந்தது. வீட்டுக்குப் போனால் பூட்டு. லிங்கராஜபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அங்கேயே இருக்கப்போகிறாள் என்று பக்கத்து வீட்டு மரகதம் அக்கா சொன்னாள்.

எழுத்தில் மன்னிப்புக் கேட்போம் என்று உட்கார்ந்தாள். அதில்தான் அவள் கைதேர்ந்தவள் ஆயிற்றே. எழுதி முடித்து ஒருமுறை படித்தாள். ‘உனக்கு ஏற்பட்ட வேதனைக்கு மனமார வருந்துகிறேன்.’ உடம்பெல்லாம் கூசியது. முட்டை உடைந்தவனுக்கும் இதைத்தானே அனுப்புகிறோம்! அழித்தாள். வேறு மாதிரி எழுதினாள். ‘எனக்குத் தெரியாதுடி, தெரிஞ்சிருந்தா...’ என்று தொடங்கியது தன் பக்க நியாயமாகவே நீண்டுகொண்டு போனது. அதையும் அழித்தாள். கடைசியில் ‘தப்புப் பண்ணிட்டேன் சோனியா’ என்று மட்டும் அனுப்பினாள். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் சிந்தியாவுக்கு மிகவும் ஓசை குறைந்துபோனவை. பேச்சு இல்லாமல் இல்லை. ஆபீஸில் பேச்சு, வீட்டில் அம்மா, சபையில் நூறு ‘ஸ்தோத்திரம் சிஸ்டர்’. ஆனால் மெட்ரோவில் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே பை முழுக்கத் தேடும்போது, சொல்வதற்கு ஆள் இல்லை. கை தானாகப் போனை எடுக்கும், பெயர் வரைக்கும் போகும், திரும்பும். பழைய குரல் பதிவுகளைக் கேட்க மாட்டாள். கேட்டால் சோனியாவின் சிரிப்பு வரும். அதைத் தாங்க முடியாது.

ஜெபித்தாள். ஆரம்பத்தில் ‘அவ மனச மாத்தும் ஆண்டவரே’ என்றுதான் கேட்டாள். கொஞ்ச நாளில் அவளுக்கே அது உறுத்தியது. அடிபட்டவள் மனசை மாற்றச் சொல்லி அடித்தவளே கேட்பதா? பிறகு ஆபீஸ் வண்டியில் ஜன்னலில் தலை சாய்த்து, உதடு அசையாமல் வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தாள். “ஆண்டவரே, அனுப்புற அம்புக்குறிமேல என் விரல் போறதுக்கு முன்னாடி நீர் ஒரு தடவை பாத்துக்கும். எனக்குத் தட்டுதான் தெரியுது. உமக்கு முகம் தெரியும்.”

நாலைந்து மாதம் போயிருக்கும். பெண்கள் கூடுகையில் ‘கைப்பேசியும் நாவும்’ என்று ஒரு தலைப்பு வைத்தார்கள். பாஸ்டரம்மா சிந்தியாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“உனக்கு நடந்ததச் சாட்சியா சொல்லு சிந்தியா. சின்னப் பொண்ணுங்களுக்கு நல்ல எச்சரிப்பா இருக்கும். சோனியா பேர் சொல்ல வேணாம்.”

சிந்தியா யோசித்தாள். சொன்னால் எல்லோரும் அழுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சொல்லி முடித்ததும் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். தன் பாரமும் இறங்கிவிடும். அந்த ஆசை ஒரு கணம் பலமாகவே இழுத்தது.

“பேர் சொல்லலைன்னாலும் அவதான்னு இங்க எல்லாருக்கும் தெரியும் பாஸ்டரம்மா” என்றாள். “அது அவ துக்கம். நான் எடுத்துப் பேச எனக்கு உரிமையில்ல. ஏற்கெனவே ஒரு தடவை பேசிட்டேன்.”

பாஸ்டரம்மா சற்று நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “சரி, உனக்கு வேற என்ன தோணுதோ அதப் பேசு” என்றாள்.

அன்று சிந்தியா பேதுருவைப் பற்றிப் பேசினாள். குளிர் காய்ந்துகொண்டிருந்த இடத்தில், யாரோ ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு, யோசிக்காமல், ‘இயேசுவை எனக்குத் தெரியாது’ என்று வாயில் வந்ததைச் சொன்ன சீடன் அவன். மூன்று சின்ன வாக்கியம். இந்தக் காலத்தில் என்றால் மூன்று கமெண்ட். “அவரு அத அழிக்க முடியல” என்றாள். “ஆனா ஆண்டவர் அப்புறம் கடற்கரையில அவரப் பாக்கும்போது எடுத்த எடுப்புல அதக் கேக்கல. மீன் சுட்டு வெச்சிட்டு, வந்து சாப்பிடுங்கன்னுதான் கூப்பிட்டாரு. நான் தினமும் அத நினைச்சுக்கிறேன். ஆனா அந்தக் கதையில கூப்பிட்டது காயப்பட்டவரு. காயப்படுத்தினவரு என்ன பண்ணணும்? கூப்பிடுற வரைக்கும் கரையில இருக்கணும்னு நினைக்கிறேன்.” அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

அக்டோபரில் ஒரு காலை, ஜெபக் குழுவின் செய்திகளுக்கு நடுவே, சோனியாவிடமிருந்து தனியாக ஒன்று வந்தது. ‘சனிக்கிழமை வீட்ல இருப்பேன்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

சிந்தியா பஸ் மாறி லிங்கராஜபுரம் போனாள். சோனியாதான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

“உள்ள வா. செருப்ப அங்கயே விடு.”

டீ போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். கீழே தெருவில் கீரைக்காரர் ஒருவர் கன்னடத்தில் கூவிக்கொண்டு போனார்.

“அன்னைக்கு அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை” என்றாள் சோனியா. “சபை முடிஞ்சதும் உன்னத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லணும்னு இருந்தேன். மொதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன் சிந்து.”

இவ்வளவு காலமும் சிந்தியா எதிர்பார்த்திருந்தது திட்டைத்தான். இது அதைவிட வலித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சோனியா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடியும் வரைக்கும் காத்திருந்தாள்.

“உன்மேல கோபம் போயிடுச்சு. நிஜமாவே போயிடுச்சு. ஆனா முன்ன மாதிரி உன்கூடச் சிரிக்க வருமான்னு தெரியல. பொய் சொல்ல இஷ்டமில்ல.”

“வேணாம்” என்றாள் சிந்தியா. “பொய் வேணாம்.”

“நீ சபையில பேசினது அம்மா காதுக்கு வந்துச்சு. என்னப் பத்தி ஒரு வார்த்தை வரலன்னு சொன்னாங்க.” சோனியா டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சமையலறை வாசலில் நின்று, “ஜெபம் பண்ணு. குரூப்புல வேணாம். இங்க பண்ணு, இப்ப” என்றாள்.

சிந்தியா கண்களை மூடினாள். பழகிய ஜெப வார்த்தைகள் எதுவும் பொருந்தவில்லை. “ஆண்டவரே, அந்தப் பிள்ளையப் பாத்துக்கும்” என்றாள். இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, நிறுத்தினாள். சோனியாதான் ஆமென் சொன்னாள்.

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிந்தியா லிங்கராஜபுரம் போய்வருகிறாள். சரவணனும் இப்போது அங்கேதான் இருக்கிறான். சோனியா அந்தப் பக்கத்துச் சபை ஒன்றில் பாடுகிறாள். போனில் செய்திகளும் வருகின்றன. ‘வந்துட்டியா’, ‘மழையா அங்க’, ‘அம்மா எப்படி இருக்காங்க’ என்று. எல்லாம் நல்ல செய்திகள்தான். ஒவ்வொன்றையும் சிந்தியா இரண்டு முறை படித்துப் பார்த்துப் பதில் அனுப்புகிறாள். அந்தப் பக்கமும் அப்படித்தான் யோசித்து யோசித்து எழுதுகிறாள் என்பது அவளுக்குத் தெரிகிறது.

வாயைக் காத்துக்கொள்ள அவள் இப்போது கற்றுக்கொண்டுவிட்டாள். ஆபீஸில், சபையில், எங்கேயும் அவள் ஒரு வரி எழுதினால் அதில் குத்தல் இருக்காது. ஆனால் காக்கவே வேண்டியிராத ஒரு பேச்சு இருந்ததே, வாயில் வந்ததை அப்படியே வீசி எறிந்தால் எதிரில் இருப்பவள் பிடித்துத் திரும்ப எறிவாளே, அதற்காக அவள் ஏங்காத நாள் கிடையாது.

போன மாதம் போயிருந்தபோது சோனியாவின் வீட்டு வாசலில் தெருநாய் ஒன்று சரவணனின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. சரவணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினான். சிந்தியாவுக்கு நாக்கு நுனிவரை ஒன்று வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

சோனியா பார்த்துவிட்டாள்.

“என்னமோ சொல்ல வந்த.”

“ஒண்ணுமில்ல.”

“சொல்லேன்டி” என்றாள் சோனியா.

சிந்தியா அவள் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக இறுகியிருந்தது, சிரிப்பை அடக்குவதுபோல. அல்லது அழுகையை. முன்பென்றால் பார்க்காமலே தெரிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். தெருக்கோடியிலிருந்து சரவணன் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தான்.